அக்காவின் கணக்கில் அத்தானின் இரவுகள்

அத்தியாயம் பதினொன்று

தாமதமாக வந்து உட்காருகிறவர்களுக்கு, விளக்கு அணைவதற்குள் சொல்லிவிடலாம்.

ஒரு வீடு. அதில் இரண்டு விமானிகள். அக்காவும் அத்தானும் ஒரே கம்பெனியில் துணை விமானிகள். விமானத்தில் வலப்பக்கத்து இருக்கை. இடப்பக்கத்து இருக்கை கேப்டனுடையது. இந்த முறை கேப்டன் பயிற்சிக்கு ஒரே ஓர் இடம்தான் என்று கம்பெனி சொல்லிவிட்டது. புருஷன், பெண்டாட்டி இருவருமே விண்ணப்பித்தார்கள். போன வாரக் கடைசியில் அந்த இடம் அக்காவுக்குக் கிடைத்தது. அம்மா அழுதாள். அத்தான் கைதட்டினார். நான்கு வயதுக் குட்டி, “அம்மா இனிமே பஸ்ஸும் ஓட்டுவியா?” என்று கேட்டாள்.

தம்பி மட்டும் ஒன்றும் செய்யவில்லை. செய்ய வேண்டியதையெல்லாம் அவன் ஏற்கெனவே செய்து முடித்திருந்தான். அது என்னவென்று அவனுக்கே இன்று காலையில்தான் தெரிந்தது.

வீட்டில் அவனுக்குப் பெயர் அப்டேட். படிப்பு முடிந்த நாளிலிருந்து, “வேலை என்னடா ஆச்சு?” என்று யார் கேட்டாலும், “அப்டேட் பண்றேன்” என்பான். இதுவரை எந்த அப்டேட்டும் வந்ததில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வினை விதைத்தது மூன்று மாதத்துக்கு முன்னால். இனிமேல் விமானிகள் தாங்கள் பறந்த நேரத்தைக் காகித லாக்புக்கில் காட்டினால் ஏற்க மாட்டோம், லாக்புக் ஆப்பிலிருந்து எடுத்த பிரிண்ட் வேண்டும் என்று கம்பெனி சுற்றறிக்கை விட்டது. எந்த ஆப் என்று மட்டும் சொல்லவில்லை. அது அவரவர் விருப்பம் என்றது. ஒரு கம்பெனி ‘உங்கள் விருப்பம்’ என்று சொன்னால், பின்னால் திட்டுவதற்கு இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது என்று பொருள்.

வீட்டில் தேர்வுக் குழு அமைந்தது. தலைவர், செயலாளர், உறுப்பினர் எல்லாம் அப்டேட்தான். மூன்று ஆப்கள் இறுதிச் சுற்றுக்கு வந்தன. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி? முதலாவது நல்ல ஆப்தான். விலையைப் பார்த்ததும் அதன் நல்ல குணங்கள் எல்லோருக்கும் மறந்துவிட்டன. இரண்டாவது, பார்ப்பதற்கு வரி கட்டுகிற படிவம் மாதிரி இருந்தது; அடிக்கு ஒரு கேள்வி கேட்டது. மூன்றாவதைத் திறந்ததும் மேகத்துக்கு மேலே சூரியன் மறைகிற படம் வந்தது. தொல்லை பண்ணாமல் ‘அடுத்து, அடுத்து’ என்று வழி விட்டது. மூன்று மாதம் இலவசம்.

“இதுதான் யூசர் ஃப்ரெண்ட்லி” என்றான் அப்டேட்.

“நம்ம மாப்பிள்ளையும் பொண்ணு பாக்க வந்தப்ப ஒரு கேள்வி கூட கேக்கல. அப்பவே எனக்குப் பிடிச்சுப் போச்சு” என்று அம்மா அதை ஆமோதித்தாள்.

பிறகு ஒரு மாதம் உட்கார்ந்து, இரண்டு பேரின் காகித லாக்புக்குகளையும் அவனே டைப் செய்து ஆப்பில் ஏற்றினான். எங்கிருந்து எங்கே, எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்கு வந்து நின்றது. காகிதத்தில் ‘இரவு’ என்று தனியாக ஒரு கட்டம் இருந்தது. அதை மட்டும் விட்டுவிட்டான். ஊரையும் நேரத்தையும் கொடுத்தால் போதும். அங்கே அன்றைக்குச் சூரியன் எப்போது மறைந்தது என்று பார்த்து, பறந்ததில் எவ்வளவு இரவு என்பதை ஆப்பே போட்டுக்கொள்ளும். சூரியனுக்கே தெரிந்த விஷயத்தை நாம் எதற்கு டைப் செய்ய வேண்டும்?

கேப்டன் இடத்துக்கு இருவரின் மொத்த நேரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். தீர்மானித்தது இரவு நேரம். குறைந்தது இவ்வளவு மணி நேரம் இரவில் பறந்திருக்க வேண்டும் என்று கம்பெனி ஒரு கோடு போட்டிருந்தது. பிரிண்டின்படி அக்கா கோட்டைத் தாண்டியிருந்தாள். அத்தான் கோட்டுக்குக் கீழே நின்றார்.

இனி, இன்று.

*

“மாப்ளே, அந்தச் சூரியன் ஆப்புக்கு இன்னியோட ஃப்ரீ முடியுது” என்றார் அத்தான், காலையில் பல் தேய்த்துக்கொண்டே. “அந்த மூஞ்சி சரியில்லாத ரெண்டாவது ஆப் இருந்துதே, அதுல ஒரு தடவை ஏத்திப் பாரேன். சரியா வந்தா அதுக்கே மாறிடலாம்.”

அப்டேட் லேப்டாப்பைத் திறந்தான். முன்பு டைப் செய்து வைத்திருந்த இரண்டு பேர் கோப்புகளையும் இரண்டாவது ஆப்பில் போட்டான். அது உடனே திரை முழுக்க ஒரு கேள்வி கேட்டது. இந்த நேரங்கள் ஊர்க் கடிகாரப்படி எழுதியவையா, உலகக் கடிகாரப்படி எழுதியவையா? பதில் சொல்லாமல் அடுத்ததுக்குப் போக முடியவில்லை.

விமானிகள் எந்த ஊரில் இறங்கினாலும் லாக்புக்கில் ஒரே உலக நேரத்தைத்தான் எழுதுவார்கள். ஊருக்கு ஊர் கடிகாரம் மாறினால் குழம்பிப் போகும் என்பதற்காக. உலகக் கடிகாரம் இந்த ஊர்க் கடிகாரத்துக்குச் சில மணி நேரம் பின்னால் ஓடும். அக்காவும் அத்தானும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள். அப்டேட்டும் அப்படியே டைப் செய்திருந்தான்.

‘உலகக் கடிகாரம்’ என்பதை அமுக்கப் போனவன், விரலை அந்தரத்தில் நிறுத்தினான்.

இதே கேள்வியை அந்தச் சூரியன் ஆப்பும் கேட்டிருந்தது. ஓரத்தில், சாம்பல் நிறத்தில், கொசு எழுதியது போல. அதில் ‘ஊர் நேரம்’ என்று முன்கூட்டியே டிக் போட்டிருந்தது. அவன் ‘அடுத்து’ என்று அமுக்கிவிட்டுப் போய் டீ குடித்தான். டீ குடித்தது நன்றாக நினைவிருந்தது.

அதாவது, ஏற்கெனவே உலக நேரத்துக்கு மாற்றி எழுதியிருந்ததை, ஊர் நேரம் என்று நம்பி, ஆப் இன்னொரு தடவை பின்னால் தள்ளியிருந்தது.

அலாரம் அடிக்கிறதுக்கு முன்னாலேயே எழுந்து, கண்ணை மூடியபடியே தலை சீவிக்கொண்டு அக்கா ஓட்டப் போன காலை விமானமெல்லாம் நடுராத்திரிக்குப் போய்விட்டது. ஊர் அடங்கின பிறகு அத்தான் எடுத்த இரவு விமானமெல்லாம், வெயில் அடிக்கிற சாயங்காலத்துக்கு வந்துவிட்டது.

இந்த வீட்டில் அது சின்ன விஷயம் இல்லை. குட்டி பிறந்ததிலிருந்து அக்கா காலை டியூட்டியையே கேட்டு வாங்குவாள். அத்தான் இரவு டியூட்டியைக் கேட்டு வாங்குவார். குழந்தையிடம் யாராவது ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவதே அபூர்வம்.

சரியான பதிலை அமுக்கினான். கணக்கு வந்தது. மொத்த நேரத்தில் ஒரு நிமிஷம் கூட மாறவில்லை. இரவு நேரம் மட்டும் இடம் மாறிவிட்டது. அத்தான் கோட்டுக்கு மேலே நல்ல உயரத்தில் இருந்தார். அக்கா கோட்டுக்குக் கீழே, எட்டிப் பார்த்தாலும் தெரியாத ஆழத்தில் இருந்தாள்.

அப்டேட் லேப்டாப்பை மூடினான். பிறகு திறந்தான். கணக்கு அப்படியேதான் இருந்தது. மறுபடி மூடினான்.

*

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அப்டேட்டின் நெஞ்சு நேரே பாத்திரம் கழுவப் போய்விட்டது.

“என்னடா இது?” என்றாள் அம்மா. “உடம்பு கிடம்பு சரியில்லையா?”

“சும்மாதாம்மா.”

“சும்மா இருந்தா நீ தூங்குவ. இப்ப என்னத்த உடைச்ச?”

“ஒண்ணும் உடைக்கல.”

“ஒண்ணும் உடைக்காம பாத்திரம் தேய்க்கிற வம்சமே இல்லடா இது. உங்கப்பா ஒரே ஒரு தடவை வீடு பெருக்கினார். சாயங்காலம்தான் தெரிஞ்சுது, காரைக் கொண்டு போய் சுவத்துல இடிச்சிருந்தார்.”

அவன் ஏற்கெனவே கழுவிய டம்ளரை இன்னொரு தடவை கழுவினான். அம்மா சந்தேகத்தோடு வீட்டின் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு போனாள். சொந்தக்காரர்கள் பட்டியலில் இன்னும் பாதிப் பேருக்குச் செய்தி போகவில்லை.

உள்ளறையில் அத்தான் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அக்காவின் வெள்ளைச் சட்டை. தோளில் மாட்டுகிற பட்டைகள் புதிதாக மேஜைமேல் இருந்தன. துணை விமானிக்கு மூன்று கோடு, இதில் நான்கு. பயிற்சி முடிந்த பிறகுதான் போட்டுக்கொள்ள முடியும். அத்தான் இப்போதே வாங்கி வந்துவிட்டார்.

“வா மாப்ளே. இதைப் பிடி, நேரா இருக்கான்னு பாரு.”

அப்டேட் பிடித்தான். திருடனுக்குத் தேள் கொட்டியது போல் நின்றான்.

“வீட்ல ஏற்கெனவே உங்கக்காதான் கேப்டன். இனிமே ஆகாசத்துலயும். எனக்கு ரெண்டு இடத்துலயும் அதே சீட்டு. என்ன, இங்க சீட் பெல்ட் கிடையாது” என்று சிரித்தார் அத்தான்.

“உங்களுக்கு... வருத்தமே இல்லையா அத்தான்?”

“இல்லாம இருக்குமா?” இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். “இடம் போனதுக்கு இல்ல மாப்ளே. அவதானே எடுத்துக்கிட்டா, வேற யாரோவா? ஆனா நான் நிறைய ராத்திரி பறந்திருக்கேன்னு நினைச்சிட்டு இருந்தேன். பேப்பர்ல கூட்டிப் பாத்தே பல வருஷம் ஆச்சு. கண்ணு முழிச்சிக்கிட்டே இருந்ததுல மனசுக்கு ஜாஸ்தியா தோணிருக்கு போல. பிரிண்ட்டைப் பாத்ததும் எனக்கே வெக்கமாப் போச்சு. இவ்வளவுதானா, இதுக்கா இத்தனை அலட்டிக்கிட்டோம்னு.”

அப்டேட் சட்டையைக் கீழே வைத்தான்.

“அத்தான்...”

“என்ன?”

“இஸ்திரிப் பெட்டி... சூடு ஜாஸ்தியா இருக்கு.”

“ஆமாமா, குறைக்கணும். கேப்டன் சட்டை. கருகிச்சுன்னா நமக்குத்தான் வேலை போகும்.” திருகைத் திருப்பினார். “வேலைன்னதும் ஞாபகம் வருது. தலைமை விமானிகிட்ட உன்னைப் பத்தி சொன்னேன்டா. எங்க ரெண்டு பேர் பிரிண்ட்டையும் பாத்து மனுஷன் அசந்துட்டார். யாரு பண்ணது, இவ்வளவு சுத்தமா இருக்கேன்னார். எல்லா பைலட்டோட பழைய லாக்புக்கையும் ஏத்துறதுக்கு ஒரு ஆள் வேணுமாம்.”

“எல்லாரோடதையுமா?”

“எல்லாரோடதையும்.”

ஒரு கம்பெனி முழுக்கப் பகலும் இரவும் இடம் மாறிப் பறப்பது அப்டேட்டின் மனக்கண்ணில் தெரிந்தது.

“என்ன மாப்ளே, முழிக்கிற? வேலைடா! உங்கம்மா காதுல தேன் பாயும். நான் எதுவும் சொல்லல, நீயே போய் சொல்லு.”

“சொல்றேன் அத்தான்” என்றான். யாரிடம், எதை என்று சொல்லவில்லை. லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான்.

*

பயிற்சிக் கட்டடம் விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்தது. கண்ணாடிக்கு உள்ளே, பெரிய வெள்ளைப் பெட்டிகள் இரும்புக் கால்களில் நின்றுகொண்டு, யாரோ தாலாட்டுவது போல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தன. அதற்குள் உட்கார்ந்துதான் விமானிகள் விழாமல் விழப் பழகுவார்கள்.

அக்கா சாயங்காலம்தான் பயிற்சிப் புத்தகங்களை வாங்கிக்கொண்டு காருக்கு வந்தாள். கார் பக்கத்தில் தம்பி நிற்பதைப் பார்த்ததும் முகம் மாறியது.

“குட்டிக்கு ஏதாவதா?”

“குட்டிக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான்.”

“உனக்கு என்ன?”

“உள்ள உக்காரு, சொல்றேன்.”

உட்கார்ந்தார்கள். லேப்டாப்பைத் திறந்து மடியில் வைத்தான். சாம்பல் நிறக் கேள்வியிலிருந்து தொடங்கினான். டீயை மறைக்கவில்லை. சொல்லச் சொல்ல அக்காவின் முகத்தைப் பார்க்காமல், திரையையே பார்த்துக்கொண்டு சொன்னான். காருக்குள் ஏசி சத்தமாக ஓடியது.

“திட்டு” என்றான்.

அவள் புத்தகங்களைப் பின் இருக்கையில் வைத்தாள்.

“அக்கா, ஏதாவது சொல்லேன். ‘எருமை’ன்னாவது சொல்லு. ரொம்ப நாளாச்சு.”

“அந்த ஏசியைக் கம்மி பண்ணு.”

பண்ணினான்.

“எனக்குத் தெரியும்டா” என்றாள் அக்கா.

“என்ன தெரியும்?”

“நம்பர் தப்புன்னு. ஏன் தப்புன்னு தெரியாது. தப்புன்னு தெரியும்.”

அப்டேட் முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தான். அவள் எதிரில் இருந்த கண்ணாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குட்டி பொறந்ததுக்கப்புறம் நான் ராத்திரி பறந்ததை விரல் விட்டு எண்ணிடலாம். அது எனக்குத் தெரியாதா? பிரிண்ட்ல என் பேருக்கு நேரா அவ்வளவு இரவு. கீழ, ‘மேலே உள்ளவை உண்மை’ன்னு ஒரு வரி. அதுக்குக் கீழ ஒரு கோடு. பேனா கையில இருந்துது.”

“என்னைக் கேட்டிருக்கலாமே அக்கா. ஒரு போன் பண்ணியிருந்தா...”

“கேட்டா நீ சரி பண்ணிடுவியே.”

அவன் லேப்டாப்பை மூடினான்.

“குட்டி வயித்துல இருந்தப்ப தரையில உக்காந்தேன். அப்புறம் பால் குடிக்கிற வரைக்கும் உக்காந்தேன். எனக்குப் பின்னாடி சேந்த அவர் பறந்துக்கிட்டே இருந்து என் மணிக்கணக்கைப் பிடிச்சிட்டார். என்னோட சேந்தவங்க எல்லாம் கேப்டன். பிரிண்ட்டைப் பாத்தப்ப, அந்த உக்காந்த காலத்தை எல்லாம் யாரோ திருப்பிக் குடுத்த மாதிரி இருந்துதுடா. யாரு குடுத்தாங்கன்னு திரும்பிப் பாக்கல. பாத்தா அவர் நிப்பார்னு தெரியும்.”

“தப்பு என்னோடது அக்கா. நான் அமுக்கினது.”

“நீ பண்ணது கைத்தவறு. நான் போட்டது கையெழுத்து.”

“நான் அமுக்கலைன்னா நீ போட்டிருக்க மாட்ட.”

“நான் போடலைன்னா நீ அமுக்கினது ஒண்ணும் பண்ணியிருக்காது.”

ஹோட்டலில் பில்லுக்குச் சண்டை போடுகிற இரண்டு சம்பந்திகளைப் போல, குற்றத்தை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். ஒருவரும் விடவில்லை.

“அத்தான் எனக்கு வேலை வாங்கி வச்சிருக்கார்” என்றான் அப்டேட் கடைசியில். “எல்லாரோட லாக்புக்கையும் ஏத்துற வேலை. பிரிண்ட் சுத்தமா இருந்துதாம்.”

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியில் வேறு ஏதோவாக ஆகிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அவர் இப்ப என்ன பண்றார்?”

“நான் கிளம்பறப்ப உன் சட்டையை இஸ்திரி போட்டுட்டு இருந்தார். நாலு கோட்டை மாட்டி நேரா இருக்கான்னு என்னைப் பாக்கச் சொன்னார்.”

“நேரா இருந்துதா?”

“ரொம்ப நேரா.”

அக்கா காரைப் பின்னால் எடுத்தாள். எத்தனையோ டன் விமானத்தைக் கோட்டின்மேல் கொண்டுவந்து நிறுத்துகிறவள், பின்னால் இருந்த தூணில் லேசாக இடித்துவிட்டாள். இறங்கிக்கூடப் பார்க்கவில்லை.

*

வீட்டுக்கு வந்தபோது அம்மா போனில் இருந்தாள். “கேப்டன்! ஆமா! இல்ல இல்ல, மாப்பிள்ளை இல்ல, நம்ம பொண்ணு! மாப்பிள்ளை அப்படியேதான் இருக்கார்!”

அக்கா நேரே உள்ளறைக்குப் போனாள். முதல் குற்றவாளி என்ற முறையில் அப்டேட்டும் பின்னால் போனான். குட்டி தரையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். “போ, பாட்டிகிட்ட காட்டு” என்று அனுப்பினார்கள்.

அக்கா நின்றுகொண்டே சொன்னாள். ஆப் செய்ததைச் சுருக்கமாகவும், தான் செய்ததை விரிவாகவும் சொன்னாள். பேனா கையில் இருந்ததைக் கூட விடவில்லை.

அத்தான் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும் தம்பியின் பக்கம் கையை நீட்டினார். லேப்டாப்பை வாங்கி, தன் இரவுகளை மேலிருந்து கீழே வரை பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். தொலைந்து போனதாக நினைத்த பெட்டி திரும்பி வந்தால், உள்ளே எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்போமே, அப்படி.

“அப்ப நான் நினைச்சது சரிதான்” என்றார். குரலில் நிம்மதி இருந்தது. “நிஜமாவே இவ்வளவு முழிச்சிருக்கேன்.”

“அத்தான், மன்னிச்சிடுங்க. என் தப்பு.”

“அட விடு மாப்ளே. சின்ன எழுத்து, கை தவறிப் போச்சு. நீயேதானே கண்டுபிடிச்ச?” தோளில் தட்டிக் கொடுத்தார். ஒரு அறை விட்டிருந்தால் அப்டேட்டுக்கு எவ்வளவோ தேவலை என்று இருந்திருக்கும்.

அக்காவின் தோளை யாரும் தட்டவில்லை.

அவள் போனை எடுத்தாள். தலைமை விமானியைக் கூப்பிட்டாள். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.

“சார், என் லாக்புக் பிரிண்ட்ல ஒரு விஷயம். நைட் அவர்ஸ் பத்தி...”

“போன்ல வேண்டாம்மா, மீட்டிங்ல இருக்கேன்” என்றது குரல். “நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு நேர்ல வந்துடு. பயிற்சிப் பேப்பர்லயும் கையெழுத்து வாங்கணும். உன் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. அந்தத் தம்பியையும்தான், வேலை விஷயம் பேசிடலாம். ஓகேவா?”

வைத்துவிட்டார்.

பக்கத்து அறையில் குட்டி பாட்டிக்கு விமானத்தின் சக்கரங்களை விளக்கிக்கொண்டிருந்தாள்.

“ஒண்ணு கேக்கட்டுமா?” என்றார் அத்தான், அக்காவைப் பார்த்து.

“கேளுங்க.”

“போன வாரம் ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் நைட் ஃபிளைட்டுக்குக் கிளம்பினேன். நீ லிஃப்ட் வரைக்கும் வந்த. ‘தூக்கம் வந்தா காபி குடிங்க, பாத்துப் போயிட்டு வாங்க’ன்ன. எப்பவும் சொல்றதுதான்.”

“ஆமா.”

“அப்பவும் உனக்குத் தெரியுமா?”

அக்கா தலை குனியவில்லை. “தெரியும்.”

அத்தான் தலையாட்டினார். கேள்விக்குப் பதில் கிடைத்தவர் மாதிரி மெதுவாக ஆட்டினார். லேப்டாப்பை மூடி, அப்டேட்டிடம் பத்திரமாகக் கொடுத்தார்.

அப்போது அவருடைய போன் அடித்தது. டியூட்டி போடுகிற அலுவலகம். சாயங்காலம் வரைக்கும் அவர் ஸ்டாண்ட்பையில் இருந்தார். யாராவது வர முடியாவிட்டால் கூப்பிடுவார்கள், போக வேண்டும். அந்த நேரம் முடிந்துவிட்டது. அலுவலகத்துக்கும் அது தெரிந்திருந்தது.

“சார், உங்க ஸ்டாண்ட்பை முடிஞ்சிடுச்சுன்னு தெரியும். ராத்திரி ஃபிளைட்டுக்கு ஒருத்தர் திடீர்னு லீவு. கட்டாயம் எல்லாம் இல்ல சார், முடியுமான்னு சும்மா ஒரு வார்த்தை...”

“வர்றேன்” என்றார் அத்தான்.

அக்கா அவரைப் பார்த்தாள். “முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருக்கலாம்.”

அவர் தன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். இஸ்திரி போடாத சட்டை. இன்று காலை முழுக்க இஸ்திரி போட்டவரின் சட்டையில் மடிப்புகள் அப்படியே இருந்தன.

அப்டேட்டுக்குத்தான் முதலில் உறைத்தது. “அத்தான், நீங்க திரும்பி வர்றதுக்கே விடிஞ்சிடும். நாளைக்கு ஒன்பது மணிக்கு...”

“ராத்திரி பறந்துட்டு வந்தவனுக்குக் கட்டாய ஓய்வு மாப்ளே. ஆபீசுக்குக் கூப்பிடக் கூடாது. ரூல்.” பையை எடுத்தார். “நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.”

கூடத்தில் அம்மா போனைக் கையால் மூடிக்கொண்டு, “என்ன மாப்பிள்ளை, இன்னிக்குமா? கேக் சொல்லியிருக்கேனே!” என்றாள். “எனக்கு ஒரு துண்டு எடுத்து வைங்க அத்தை” என்று சொல்லி, குட்டியைத் தூக்கி முத்தம் கொடுத்து இறக்கிவிட்டு, வாசலுக்குப் போனார்.

அக்கா லிஃப்ட் வரைக்கும் வந்தாள். அப்டேட் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டான். போகவும் தோன்றவில்லை, நிற்கவும் கூசியது.

“நீங்க கூட இருந்தா நல்லா இருக்கும்” என்றாள் அக்கா.

“இருந்தா நல்லாத்தான் இருக்கும்.” அத்தான் லிஃப்ட் பொத்தானை அமுக்கினார். கோபமாக இல்லை, குரலும் உயரவில்லை. “நான் பக்கத்துல உக்காந்திருந்தா நீ உண்மையைச் சொல்லிடுவ. அது எனக்குத் தெரியும். நான் இல்லாதப்ப என்ன சொல்லுவன்னுதான் தெரியல. இன்னிக்கு வரைக்கும் தெரியும்னு நினைச்சிட்டு இருந்தேன்.”

லிஃப்ட் வந்தது. உள்ளே போனார். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எப்போதும் சொல்கிற அந்த வாக்கியத்தைச் சொல்லலாமா கூடாதா என்று தீர்மானிப்பதற்குள் கதவு மூடிவிட்டது. எண்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின.

“அக்கா” என்றான் அப்டேட்.

அவள் இறங்குகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே அம்மா அடுத்த சொந்தக்காரரைப் பிடித்திருந்தாள். அவள் குரல் வாசல் வரை கணீரென்று கேட்டது.

“ஆமா, நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்குக் கூப்பிட்டிருக்காங்க. இனிமே என்ன இருக்கு? பேசாம ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது!”